கடவுளைக் கொன்றவன் கதை

"தோர்: லவ் அண்ட் தண்டர்" என்னும் அமெரிக்கப் படத்தைப் பற்றி நம்முடைய அபிப்பிராயம் என்ன என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். "கடவுள்களையெல்லாம் வெட்டிச் சாய்க்கிறவன் ஒருவன் அதில் வருகிறான், நம் கட்சியை அமெரிக்காக்காரனே படம் பிடித்துவிட்டான்" என்பது ஒரு தோழரின் உற்சாகம். "அப்படி வெட்டுகிறவனைக் கடைசியில் பிள்ளை பிடிக்கிறவனாக்கிவிட்டார்கள், நாஸ்திகர்களை இழிவு செய்யவே எடுத்த படம்" என்பது இன்னொரு தோழரின் ஆத்திரம். இருவர் பேச்சிலும் பாதி பாதி உண்மை இருக்கிறது. ஆகையால் நாமும் இரண்டு தடவை உட்கார்ந்து பார்த்துவிட்டே இதை எழுதுகிறோம்.

படம் வெளியானது 2022 ஜூலையில். தமிழிலும் பேச்சு மாற்றிக் காட்டினார்கள். தோர் என்பவர் வட ஐரோப்பிய மக்கள் முற்காலத்தில் கும்பிட்டுவந்த இடிக்கடவுள். கையில் சுத்தியல், ஏறிப்போக ஆட்டுக்கடாக்கள் பூட்டிய வண்டி. நம் புராணிகர்களின் இந்திரனும் வச்சிராயுதமும் எப்படியோ அப்படி. இங்கிலீஷில் வியாழக்கிழமைக்கு வழங்கும் பெயர் இந்தத் தோரின் பெயர்தான். மார்வெல் என்னும் படக்கதைக் கம்பெனியார் 1962-ல் இவரைப் பிடித்துத் தங்கள் சூப்பர் ஹீரோக்களில் ஒருவராக்கினார்கள். 2011, 2013, 2017 ஆகிய ஆண்டுகளில் மூன்று படங்கள் வந்தன. இது நான்காவது. மூன்றாவதை எடுத்த டைக்கா வைட்டிட்டி என்னும் நியூசிலாந்துக்காரரே இதையும் எடுத்திருக்கிறார்.

படத்தின் ஆரம்பத்தைச் சொல்லாமல் அதன் யோக்கியதையைப் பேச முடியாது. ஒரு வறண்ட உலகம். மழை இல்லை, பயிர் இல்லை, மனிதர்களும் இல்லை. கோர் என்கிற தகப்பனும் அவனுடைய சின்னப் பெண்ணுமே மிச்சம். பெண்ணைக் கையில் ஏந்திக்கொண்டு கோர் தன் கடவுளான ராப்புவை வேண்டுகிறான், மன்றாடுகிறான். மழை வரவில்லை. பெண் செத்துப் போகிறாள். தன் கையாலேயே மண்ணைத் தோண்டிப் புதைக்கிறான். பிறகு தள்ளாடி நடந்து போனால், சற்றுத் தூரத்தில் ஒரு சோலை! குளம் நிறையத் தண்ணீர், மரம் நிறையப் பழம். அதன் நடுவில் ராப்பு கடவுள் தம் பரிவாரத்தோடு விருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

தோழர்களே, இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். கடவுள் இல்லை என்று கோருக்குத் தெரியவருவதில்லை. இருக்கிறார், பக்கத்திலேயே இருக்கிறார், தின்றுகொண்டிருக்கிறார் என்றுதான் தெரியவருகிறது. அப்பொழுதும் அந்தப் பக்தனுக்குக் கோபம் வரவில்லை. தாங்கள் பட்ட கஷ்டத்திற்கெல்லாம் மேலுலகத்தில் பலன் உண்டென்றே நம்பியிருந்ததாகச் சொல்லுகிறான். கடவுள் சிரிக்கிறார். பலனாவது, மேலுலகமாவது, செத்தால் செத்ததுதான் என்கிறார். கடவுளுக்காகக் கஷ்டப்படுவதுதான் உங்களுக்கு வைத்த வேலை, நீங்கள் ஒழிந்தால் கும்பிட வேறு ஜனங்கள் வருவார்கள் என்கிறார். கோர் தன் பக்தியை அங்கேயே துறந்துவிடுகிறான். கடவுள் அவன் குரல்வளையைப் பிடிக்கிறார். அப்போது ஒரு வாள் கைக்கு வர, அவன் கடவுளைக் குத்திவிடுகிறான்.

சில நிமிஷக் காட்சிதான். ஆனால், கடவுளுக்கு விருந்தும் பக்தனுக்குப் பட்டினியுமாக நடந்துவரும் இந்த ஏற்பாட்டை இவ்வளவு சுருக்கமாகவும் பச்சையாகவும் எந்த நாட்டு வேடிக்கைப் படமாவது காட்டியிருக்கிறதா என்றால், நமக்குத் தெரிந்து இல்லை. கோராக நடித்திருக்கும் கிறிஸ்டியன் பேல் அழுது ஆர்ப்பாட்டம் செய்வதில்லை. அவருடைய கண்ணிலே முதலில் நம்பிக்கையும், பிறகு சந்தேகமும், பிறகு வெறுப்பும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறுகின்றன. நம் கூட்டங்களில் ஒரு மணி நேரம் தொண்டை வறளப் பேசுகிற சங்கதியை அந்த மனிதர் மூச்சுவிடும் நேரத்தில் காட்டிவிடுகிறார். இதைப் பாராட்டாமல் இருப்பது யோக்கியமாகாது.

இன்னொரு நல்ல காட்சியும் உண்டு. கடவுள்களெல்லாம் கூடும் "சர்வ வல்லமை நகரம்" என்று ஒரு பொன்மயமான ஊர். அதற்குத் தலைவர் கிரேக்கர்களின் ஜீயஸ். அந்தச் சபையில் எதைப் பற்றி யோசனை செய்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? எந்தக் கடவுளின் பேரால் அதிக மனிதர்களைப் பலி கொடுத்தார்கள் என்பதற்குப் பரிசு! கடவுள்களைக் கொல்லுகிறவன் ஒருவன் கிளம்பியிருக்கிறான், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான், படை கொடுங்கள் என்று தோர் போய்க் கேட்கிறார். நாம் இங்கே பத்திரமாக இருக்கிறோம், நமக்கென்ன என்று ஜீயஸ் கைவிரித்துவிடுகிறார். கேட்டவரின் துணியையும் உரித்துவிடுகிறார். சர்வ வல்லமை படைத்தவர்கள் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு ஒளிந்திருக்கிற அந்த மண்டபத்தைப் பார்த்துப் படம் பார்க்க வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்தவர்களில் நெற்றியில் பட்டை போட்டவர்களும் இருந்தார்கள். சிரிக்கட்டும், நல்லதுதான்.

தோரின் ஜனங்கள் பூமியில் நார்வே கடற்கரையில் குடியேறியிருக்கும் ஊரும் அப்படித்தான். கப்பல் கப்பலாக வேடிக்கை பார்க்கிறவர்கள் வந்து இறங்குகிறார்கள். தெய்வீகச் சரித்திரம் நாடகமாகத் தினமும் நடக்கிறது. ஐஸ்கிரீம் கடை நடக்கிறது. அந்த ஊரை ஆளும் வீரப்பெண்மணி வாசனைத் திரவிய விளம்பரத்திற்கு நடித்துக்கொடுக்கிறாள். க்ஷேத்திர மகிமை என்பது எங்கே போனாலும் கடைத்தெருவில்தான் முடியும் என்பது அமெரிக்காக்காரனுக்கும் தெரிந்திருக்கிறது.

நிற்க. இவ்வளவு நல்ல ஆரம்பத்தை வைத்துக்கொண்டு பிறகு என்ன செய்தார்கள் என்பதில்தான் நமக்குப் பெரிய வழக்கு இருக்கிறது.

கோர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. என் குழந்தை சாகும்போது நீ ஏன் தின்றுகொண்டிருந்தாய் என்பது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நிமிஷம் குறைவாக ஓடுகிற இந்தப் படத்தில் அந்தக் கேள்விக்கு யாராவது பதில் சொல்லுகிறார்களா? இல்லை. அதற்குப் பதிலாகக் கேட்டவனுடைய யோக்கியதையைக் கெடுத்துவிடுகிறார்கள். அவன் கையிலிருக்கும் வாள் சபிக்கப்பட்ட வாளாம். பிடித்தவனுடைய உடம்பையும் புத்தியையும் அது அரித்துவிடுமாம். ஆகவே அவன் கடவுளை வெறுப்பதற்குக் காரணம் அவன் பட்ட அநியாயமா, வாளின் விஷமா என்று பார்க்கிறவன் குழம்பிப் போகிறான். குழம்ப வேண்டுமென்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். நாஸ்திகம் என்பது ஒரு நியாயம் அல்ல, ஒரு நோய் என்று காட்டுவதற்கு இதைவிடச் சுலபமான உபாயம் வேறென்ன? நம் தோழர்களில் எத்தனை பேருக்கு, "பாவம், ஏதோ குடும்பக் கஷ்டம், புத்தி பேதலித்து இப்படிப் பேசுகிறான்" என்று சொந்தக்காரர்கள் பட்டம் கட்டியிருக்கிறார்கள்!

அதுவும் போதவில்லை. தன் குழந்தையைப் பறிகொடுத்தவனையே ஊரார் குழந்தைகளைப் பிடித்துக்கொண்டு போய்க் கூண்டில் அடைக்க வைத்தார்கள். அவனுக்குத் தேவை தோரின் கோடரி. அதைக்கொண்டு பிரபஞ்சத்தின் நடுவிலுள்ள "நித்தியம்" என்னும் சக்தியின் வாசலைத் திறந்து, எல்லாக் கடவுள்களும் ஒழிய வேண்டுமென்று கேட்பது அவன் நோக்கம். அந்தக் கோடரியைப் பிடுங்க வேறு வழி எழுதத் தெரியாமலா போயிற்று? குழந்தைகளைத் தொட்டால்தான் கொட்டகையிலுள்ள தாய்மார் அவன்மேல் வெறுப்புக் கொள்ளுவார்கள். பேர் மட்டும் "கடவுள் கொல்லி". நம் கண்முன் அவன் கொல்லுகிற கடவுள் அந்த ராப்பு ஒருவர்தான்! இன்னொரு பெரிய கடவுள் பனிமலை போலச் செத்துக் கிடப்பதைக் காட்டுகிறார்கள். மற்றதெல்லாம் வாய்ச் செய்தி.

இந்தக் கதை படக்காரரின் சொந்தச் சரக்கல்ல. ஜேசன் ஆரன் என்பவர் எழுத, ஏசாத் ரிபிச் என்பவர் சித்திரம் வரைய, 2012-ல் தொடங்கி வந்த மார்வெல் படக்கதையில் பிறந்தவன் கோர். அங்கேயும் அவன் கொடியவன்தான். கடவுள்களைப் பிடித்து அடிமை வேலை வாங்குகிறான். ஆனால் அந்தக் கதையை எழுதியவர் ஒரு காரியம் செய்தார். கோர் தோற்றுப்போன பிறகு வந்த கதைகளில், தோருடைய காதில் ஒருவன் ஏதோ சொல்ல, அந்தச் சொல்லைக் கேட்டதும் தோருக்குத் தம் சுத்தியலைத் தூக்கும் தகுதி போய்விடுகிறது. 2014-ல் சொன்ன அந்த ரகசியத்தை 2017-ல்தான் உடைத்தார்கள். கோர் நினைத்தது சரி என்பதே அந்தச் சொல். அது பொய்யென்று தம் மனசுக்கே சொல்லமுடியாமல் அந்தக் கடவுள் கூனிக்குறுகிப் போனார். கேள்வியை ஒப்புக்கொள்ளும் தைரியம் என்பது அதுதான். ஐந்தணா படக்கதைக்கு இருந்த தைரியம், சுமார் 25 கோடி டாலர் செலவழித்து எடுத்ததாகச் சொல்லப்படும் படத்திற்கு இல்லை. எவ்வளவு பணம் அதிகமோ அவ்வளவு பயம் அதிகம் போலும்.

முன் படங்களோடு ஒத்துப்பார்த்தாலும் இந்த நான்காம் பாகம் பின்னாலேதான் போயிருக்கிறது. முதல் படத்தில், தோரின் கூட்டத்தார் வேறோர் உலகத்து ஜாதியார், அறிவிலும் ஆயுளிலும் நம்மைவிட முந்தியவர்கள், பழைய காலத்து ஜனங்கள் தெரியாமல் அவர்களைக் கடவுள் என்று நினைத்துவிட்டார்கள் என்றே கதை. இரண்டாவது படத்தில் தோரின் தகப்பனார் ஓடின், தாங்கள் கடவுள்கள் அல்ல, மனிதர்களைப் போலவே பிறந்து வாழ்ந்து சாகிறவர்கள்தான் என்று தம் வாயாலேயே சொல்லுகிறார். பகுத்தறிவுக்குப் பாதியாவது ஒத்துவந்த பேச்சு. நான்காவதிலோ அசல் கடவுள்களாகவே ஆகிவிட்டார்கள். தகப்பன் மறுத்த பட்டத்தை மகன் கட்டிக்கொண்டுவிட்டான்.

இனி ஜேன் ஃபாஸ்டர் என்னும் பெண்ணின் சங்கதி. இவள் வான சாஸ்திரம் கற்ற விஞ்ஞானி. புற்றுநோய் முற்றி நாலாவது நிலைக்கு வந்துவிட்டது. வைத்தியசாலையில் மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து நோயாளிக்குப் பிரபஞ்ச சாஸ்திரம் விளக்குகிறாள். அந்த இடத்தில் நாற்காலியில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்தோம். அறிவு என்பது சாவின் பக்கத்திலும் எவ்வளவு மரியாதையோடு இருக்கும் என்பதை நடாலி போர்ட்மன் அம்மையார் நன்றாகக் காட்டியிருக்கிறார். பிறகு தோரின் பழைய சுத்தியல் ஆரோக்கியம் கொடுக்கும் என்று ஏட்டில் படித்துவிட்டு அதைத் தேடிப் போகிறாள். கையில் எடுத்தால் மலை போன்ற பலம் வருகிறது. கீழே வைத்தால் முன்னைவிட மோசமாகிறாள். சுத்தியல் அவள் நோயை ஆற்றவில்லை, நோயோடு போராட உடம்பில் மிச்சமிருந்த சக்தியையே உறிஞ்சிவிடுகிறது. தாயத்தையும் திருநீற்றையும் நம்பி ஆஸ்பத்திரிக்குப் போவதை ஒத்திப்போட்டு, "இப்போது கொஞ்சம் தேவலை" என்று சொல்லிக்கொண்டே கைநழுவிப் போனவர்களை நாம் பார்த்திருக்கிறோம். படக்காரர் இதை நினைத்து எடுத்தாரோ இல்லையோ, படத்திலேயே உண்மையான இடம் இதுதான்.

அதையும் கெடுத்துவிட்டார்கள். அவள் போரில் இறந்த பிறகு, பெயர்ப்பட்டியல் எல்லாம் ஓடி முடிந்து ஜனங்கள் எழுந்து போகும் நேரத்தில், அவளை வல்ஹல்லா என்னும் வீரசொர்க்கத்தில் கொண்டுபோய் வரவேற்பு நடத்துகிறார்கள்! நாம் கேட்கிறோம்: ராப்பு கடவுள் முதல் காட்சியில் என்ன சொன்னார்? செத்தால் செத்ததுதான் என்றார். அப்படியானால் இந்தச் சொர்க்கம் யாருக்கு? கடவுள்களோடு சேர்ந்து சண்டை போட்டவர்களுக்கு உண்டு. தண்ணீரில்லாமல் நாக்கு வறண்டு செத்த சின்னப் பெண்ணுக்கும், அவளுக்கு முன்னால் செத்த அந்த உலகத்து ஜனங்கள் அத்தனை பேருக்கும் இல்லை. மேலுலகத்திலும் வருணாசிரமம் இருக்கிறது என்று இந்தப் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். படத்தின் முற்பகுதியில் ஒரு வீராங்கனை கை வெட்டுண்டு கிடக்கிறாள், சொர்க்கம் போகவேண்டும் என்கிறாள். போர்க்களத்தில் செத்தால்தான் சொர்க்கம், நீ பிழைத்துவிட்டாய், வேண்டுமானால் உன் கை மட்டும் போயிருக்கலாம் என்கிற மாதிரி தோர் பதில் சொல்லுகிறார். கைக்கு மட்டும் சொர்க்கம்! அந்த ஹாஸ்யத்தை எழுதத் தெரிந்தவருக்கு, கடைசியில் அதே சொர்க்கத்தை நிஜமென்று காட்ட எப்படி மனம் வந்ததோ தெரியவில்லை.

ஹாஸ்யம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். படத்தில் வேடிக்கை அளவுக்கு மிஞ்சிவிட்டது. இரண்டு ஆடுகள் மனிதர் போலக் கத்துகின்றன, கத்திக்கொண்டே இருக்கின்றன. முதல் தடவை சிரித்தோம். பத்தாவது தடவை காதைப் பொத்திக்கொண்டோம். அழவேண்டிய இடத்திலும் ஒரு பரிகாசம் வந்து குறுக்கே விழுகிறது. தோராக நடித்த கிறிஸ் ஹெம்ஸ்வொர்த்தே 2023-ல் ஒரு பேட்டியில் படம் அசட்டு வேடிக்கையாகிவிட்டதென்று ஒப்புக்கொண்டார். நிழல் உலகத்துச் சண்டையில் வர்ணத்தையெல்லாம் எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையாகக் காட்டியிருப்பது கண்ணுக்கு அழகு. மற்ற தந்திரக் காட்சிகளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

கடைசிச் சண்டையில் தோர் தம் சக்தியைக் கூண்டிலிருந்த குழந்தைகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறார். பொம்மையும் குச்சியும் பிடித்த குழந்தைகள் பேய்களை ஓட ஓட அடிக்கிறார்கள். யாராவது வந்து காப்பாற்றுவார்கள் என்று காத்திராமல் சின்னஞ்சிறுசுகள் தாமே எழுந்து நிற்பது நல்ல காட்சி. ஆனால் கொடுக்கும்போதே, இது கொஞ்ச நேரத்திற்குத்தான் என்று நிபந்தனை போட்டுத்தான் கொடுக்கிறார். குத்தகைக்கு விட்ட நிலம் மாதிரி சண்டை முடிந்ததும் சக்தி எஜமானிடம் திரும்பிவிட வேண்டும்.

முடிவு என்ன? கோர் நித்தியத்தின் சந்நிதானத்திற்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறான். ஒரே ஒரு வரம் கேட்கலாம். கடவுள்கள் ஒழியட்டும் என்று கேட்கப்போகிறவனிடம் தோர், உனக்கு வேண்டியது பழி அல்ல, அன்பு என்று பேசுகிறார். கோர் தன் பெண் திரும்பி வரவேண்டும் என்று கேட்டுவிட்டுச் சாகிறான். பெண் உயிரோடு எழுகிறாள். அவளைத் தோர் எடுத்து வளர்க்கிறார். பெற்ற தகப்பன் என்ற முறையில் கோர் செய்ததை நாம் குறைசொல்ல மாட்டோம். கொள்கைக்காகக் குழந்தையை விட்டுவிடு என்று சொல்லுகிற உரிமை யாருக்கும் கிடையாது. நம் குற்றச்சாட்டு கதை எழுதியவர் பேரில். வேண்டுதல் பலிக்காததால் பக்தியைத் துறந்தவனைத் திரும்பவும் வேண்டுதல் செய்ய வைத்து, இந்தத் தடவை பலிக்கவும் வைத்து அனுப்பிவிட்டார். கெட்ட கடவுள் ராப்பு, சோம்பேறிக் கடவுள் ஜீயஸ், நல்ல கடவுள் தோர். ஆகவே கடவுளில் தப்பில்லை, ஆளைப் பார்த்துக் கும்பிட வேண்டும் என்பதுதானே இதன் அர்த்தம்? நல்ல ஜமீன்தார் ஒருவரைக் காட்டி ஜமீன்தாரி முறைக்கு நற்சாட்சி வாங்குவது நமக்குப் பழகிப்போன வித்தைதான். ஒருவன் காலடியில் இன்னொருவன் கிடக்கவேண்டிய ஏற்பாடு இருக்கும்போது மேலே இருப்பவன் நல்லவனா கெட்டவனா என்பது அவன் இஷ்டம். கீழே கிடப்பவனுக்கு அதில் என்ன பந்தோபஸ்து?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். இந்தப் படத்தில் பரிகாசத்திற்கு ஆளான ஜீயஸுக்கு உலகத்தில் இன்றைக்குப் பெரிய கோவில் எங்கே? ரோம சக்கரவர்த்தி தியோடோசியஸ் 391, 392-ஆம் வருஷங்களிலேயே பழைய தெய்வ வழிபாடுகளைத் தடுத்து உத்தரவு போட்டாய்விட்டது. தோரைக் கும்பிட்ட ஐஸ்லாந்துக்காரர் கி.பி. 1000-ஐ ஒட்டிக் கிறிஸ்தவர்களாகிவிட்டார்கள். 1972-ல் அங்கே பழைய தெய்வங்களுக்கென்று ஒரு சங்கம் ஏற்பட்டிருக்கிறது, அதில் சில ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இடிக்கு நிஜமான காவல் 1752-ல் பிராங்க்ளின் மின்சாரத்தைச் சோதித்த பிறகு வந்த இரும்புக்கம்பிதான். தேவாலயத்துக் கோபுரத்தின் உச்சியிலும் அதைத்தான் நட்டு வைத்தார்கள். செத்த கடவுளைச் சாகடிக்கப் பெரிய தைரியம் வேண்டியதில்லை. உயிரோடு உண்டியல் வைத்திருக்கும் கடவுள்களில் ஒருவரை ஜீயஸ் இருந்த ஆசனத்தில் உட்காரவைத்து அதே கேலியைச் செய்யட்டும் பார்க்கலாம். மலேயாவில் 2022-ல் இந்தப் படத்தைக் காட்ட விடவில்லை. கடவுளைக் குத்திக் கொன்றதற்காகவோ என்று நினைத்தோம். அதற்கல்லவாம். ஒரே பாலினத்தவர் அன்பு செலுத்திக்கொள்ளும் பேச்சு வருகிறதாம், அதுதான் சர்க்கார் தரப்பில் சொன்ன குற்றம்! அந்தச் செத்த கடவுள்களைக் காப்பாற்ற எந்தச் சர்க்காருக்கும் கவலையில்லை.

உலகமெங்கும் சுமார் 76 கோடி டாலர் வசூலாயிற்று என்கிறார்கள். அடிபட்ட ஜீயஸ் பிழைத்துக்கொண்டார் என்று கடைசியில் ஒரு துண்டுக் காட்சி காட்டுகிறார்கள். ஜனங்கள் இப்போது நம்மிடம் பயப்படாமல் சூப்பர் ஹீரோக்களைப் பார்க்கப் போய்விட்டார்கள், திரும்பவும் பயப்பட வைக்க வேண்டும் என்று புலம்பித் தம் மகனைத் தோர்மேல் ஏவுகிறார். தோர் திரும்பி வருவார் என்றும் எழுத்துப் போடுகிறார்கள். ஆகவே அடுத்த பாகம் கடவுளுக்கும் கடவுளுக்கும் சண்டையாக இருக்கலாம். அது நமக்கு வேண்டியதில்லை. கோரின் பெண் ஒரு கடவுளின் வீட்டில் வளர்கிறாளே, அவள் பெரியவளாகி, முதல் தடவை நான் ஏன் செத்தேன், என் தகப்பன் ஏன் வாள் எடுத்தான் என்று அந்த வளர்ப்புத் தகப்பனைப் பார்த்துக் கேட்கிற படம் ஒன்று எடுக்கட்டும். அதற்கு முதல் சீட்டை நாம் வாங்குகிறோம்.